எட்டடி என்று எழுதிய சந்து

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கும், அவளுக்கு முன்பே இதைப் பிரித்துப் படித்துக்கொண்டிருக்கும் விடுதி வார்டன் அம்மாவுக்கும்,

வாலு எழுதுவது. வார்டன் அம்மா, வணக்கம். இதில் காதல் சமாசாரம் எதுவும் இல்லை, ஏமாற்றத்துக்கு மன்னிக்கவும். இனி அக்காவிடம் கொடுத்துவிடலாம்.

அக்கா, இங்கே நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் அந்த அலுவலகத்தின் மூன்று மாடியைக் கூட்டிப் பெருக்கிவிட்டு வந்தால் சாயங்காலம் யாரோடும் பேசுவதில்லை. நீ எப்படி இருக்கிறாய்? ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் உனக்கும் அம்மாவுக்குமே நேரம் போதவில்லை. பின்னால் நின்று நான் தும்மத்தான் முடிகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் தங்கை இப்போது இந்தக் குடியிருப்பில் பெரும்புள்ளி. சிரிக்காதே. வரைபடத்தில் புள்ளி வைக்கிற வேலை. அதுவும் பெரிய புள்ளி.

ஒரு மேடம் வந்திருக்கிறார்கள். கழுத்தில் எப்போதும் அளவு டேப் தொங்குவதால் டேப் மேடம் என்று நான் பெயர் வைத்தேன், ஒரே நாளில் எல்லோரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். வானத்திலிருந்து எடுத்த படத்தை விரித்து, "இதுல உங்க வீட்டைக் காட்டுங்க பார்ப்போம்" என்றார்கள். பெரிய தெரு இருக்கிறது, கால்வாய் இருக்கிறது. நடுவில் நாம் இருக்கவேண்டிய இடத்தில் பச்சையாக ஒரு திட்டு. இருநூறு குடும்பத்தைப் புதர் என்று முடிவு கட்டிவிட்டார்கள்! "மேடம், நாங்க முளைச்சு ரொம்ப வருஷமாச்சு" என்றேன். அவர்கள் சிரிக்கவில்லை. "அதனாலதான் நீங்களே வரையணும்னு வந்திருக்கேன்" என்றார்கள்.

ஆகவே நாங்கள் அளக்கிறோம். நீ நினைக்கிற அளப்பு இல்லை, நிஜமான டேப் பிடித்து அளப்பது. சந்து, குழாய், மின்கம்பம், வாசல், எல்லாம்.

நான் ஏன் சேர்ந்தேன் என்று உனக்கே தெரியும். அன்றைக்கு ஆம்புலன்ஸ் வண்டிக்கு வழி தெரிந்திருந்தால் அப்பா இருந்திருப்பார். அப்பா வேலை பார்த்த பம்பு அறை எங்கே இருக்கிறது என்று ஒரு படத்தில் இருந்திருந்தால் பெரிய தெருவில் அது சுற்றிக்கொண்டு நின்றிருக்காது. பக்கத்து வீட்டுத் தையல்கார மாமா அன்றே சொன்னாரே. அதனால் பம்பு அறைக்கு நான்தான் புள்ளி வைப்பேன் என்று மேடத்திடம் சொல்லி வைத்துவிட்டேன்.

உன் அறையையும் போடப் போகிறோம். ஜன்னலோடு போடட்டுமா, ஜன்னல் இல்லாமலா?

பதிலுக்குக் காத்திருக்கும்,
வாலு


ஜனவரி 30

அன்பு வாலு,

நான் நன்றாக இருக்கிறேன். வார்டன் அம்மா உன் கடிதத்தைக் கொடுக்கும்போது முகத்தைக் கடுகடு என்று வைத்திருந்தார். ஆனால் திரும்பிப் போகும்போது தோள் குலுங்கியது. இனி அவருக்குத் தனியாக எழுத வேண்டாம், பழக்கமாகிவிடும்.

அம்மாவை முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். சொன்னால் கேட்கமாட்டாள், நீயே கொடு. இங்கே வேலை எப்போதும் போலத்தான். சின்னச் சின்னத் திருகாணி. கண்ணை மூடினாலும் திருகாணி தெரிகிறது. ஓர் அறையில் எட்டுப் பேர், அதில் இரண்டு பேர் குறட்டை. எனக்குப் பக்கத்தில் படுப்பவள் தூக்கத்தில் எண்ணிக்கை சொல்கிறாள்.

நீ வரைபட வேலைக்குப் போவதில் சந்தோஷம். பரீட்சையையும் அதே மாதிரி அளந்து பார். மேடத்திடம் ரொம்ப வாயாடாதே.

வீடுகளை மட்டும்தான் அளக்கிறீர்களா, சந்தின் அகலத்தையும் அளப்பீர்களா? வீட்டுக்காரர்களே அளக்கலாமா? சும்மா கேட்கிறேன்.

அம்மாவைப் பார்த்துக்கொள்.

அக்கா


பிப்ரவரி 15

அன்புள்ள அக்கா (மற்றும் தோள் குலுங்குபவர்),

நலம். அம்மாவுக்கு ஒத்தடம் கொடுத்தேன். "சூடு போதலை" என்றாள். சூடாக்கினேன். "கொல்லப் பாக்குறியா" என்றாள். ஆக, உடம்பு தேறிவிட்டது.

நீ கேட்டதற்குப் பதில்: சந்தின் அகலமும் உண்டு. அதுதான் முக்கியமாம். எந்தச் சந்தில் எந்த வண்டி நுழையும் என்று நிறம் அடிக்கப் போகிறார்கள். பச்சை என்றால் ஆம்புலன்ஸ் போகும். சிவப்பு என்றால் போகாது. இந்தப் படம்தான் அப்புறம் ஆம்புலன்ஸ்காரர்கள் கையில் இருக்கும். இன்னொன்று, அவரவர் வீட்டை அவரவர் அளக்கக் கூடாது என்று ஒரு விதி. பக்கத்து வீட்டுக்காரர்தான் அளக்கணும். "நம்ம வீடுன்னா நம்ம கை தானா நீளும்" என்கிறார்கள் மேடம். அதனால் நம் வீட்டையும் வாசலில் உள்ள சந்தையும் தையல்கார மாமா அளந்தார். அதே நேரத்தில் நான் அவர் வீட்டை அளந்தேன். அவர் கழுத்திலும் டேப், மேடம் கழுத்திலும் டேப். இருவரும் எதிரெதிரே நின்றபோது யார் யாருக்குச் சட்டை தைக்கப் போகிறார்கள் என்றே தெரியவில்லை.

மாமா நம் வாசலில் ரொம்ப நேரம் குனிந்திருந்தார். அம்மா வாசற்படியில் நின்று, "என்ன அண்ணே, அளவு எடுத்தா எங்க வீட்டுக்கும் சட்டை தைப்பீங்களா?" என்று கேட்டாள். அப்பா போன பிறகு அம்மா ஜோக் அடித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மாமா நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். எட்டடி. நம் சந்து பச்சை!

இப்போது ஒரு திட்டு வாங்கிய கதை. பெட்டிக்கடை வாசலில் படுத்தே கிடக்குமே அந்தக் கறுப்பு நாய், அது படுக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்து 'காவல் நிலையம்' என்று எழுதிவிட்டேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேடம் மட்டும் அழித்துவிட்டு, மெதுவாகத்தான் சொன்னார்கள்: "யாராவது ஒருத்தி ஒருநாள் ஓடி வருவா. படத்தைப் பார்த்து இந்தப் புள்ளிக்குத்தான் ஓடி வருவா. வந்து பார்த்தா நாய் படுத்திருக்கும்." அதற்கப்புறம் நான் சேட்டை பண்ணவில்லை. படத்தில் மட்டும்.

உன் அறை அழகான ஒரு கட்டமாக வந்திருக்கிறது. போன கடிதத்தில் அதைப் பற்றி நீ ஒன்றுமே கேட்கவில்லையே? கட்டும்போது தினமும் ஃபோன் போட்டு, "சுவர் எவ்வளவு உயரம் வந்துச்சு" என்று அப்பா உயிரை வாங்கியவள் நீதானே?

வாலு


மார்ச் 20

அன்பு வாலு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கூடுதல் நேர வேலை. உடம்புக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதே.

எட்டடி என்று எழுதியிருந்தாய். மாமா தனியாகவா அளந்தார்? டேப்பின் அடுத்த முனையை யார் பிடித்தார்கள்? மேடம் திரும்ப ஒரு தடவை அளந்து பார்ப்பார்களா?

இஸ்திரி அக்காவுக்கு மூச்சிரைப்பு இப்போது எப்படி இருக்கிறது? அவர்கள் வீடு பம்பு அறைக்குப் பக்கத்தில்தானே.

ஏப்ரலில் லீவுக்கு வர முடியாது போலிருக்கிறது. அம்மாவிடம் பக்குவமாகச் சொல். உன் அறை, உன் அறை என்று எழுதாதே. சும்மா அறை என்று எழுது. அதில் நீ படுத்துக்கொள். பூட்டி வைக்க வேண்டாம்.

பரீட்சை எப்படி எழுதினாய்?

அக்கா


ஏப்ரல் 6

அக்காவுக்கு,

கோபமாக இருப்பதால் 'அன்புள்ள' இல்லை. வார்டன் அம்மாவுக்கு மட்டும் அன்பு.

அம்மா நலம், நான் நலம். பரீட்சை என்னைப் பார்த்தது, நானும் அதைப் பார்த்தேன், இருவரும் மரியாதையாகப் பிரிந்தோம்.

ஏன் வரமாட்டாய்? அப்பா காரியத்துக்கு வந்தவள் இரண்டே நாள் இருந்துவிட்டு ஓடினாய். அந்த இரண்டு நாளும் கூடத்தில் எங்களோடு நெருக்கிக்கொண்டு படுத்தாய், கட்டில் காலியாகக் கிடந்தது. அதற்குப் பிறகு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்த அறையில் நான் படுக்கப் போவதில்லை. அம்மா வாரத்துக்கு ஒரு தடவை கூட்டி, கட்டிலைத் துடைத்துவிட்டு வெளியே வருகிறாள். நீ வந்து படுத்தால்தான் அவளுக்கு அது அறை.

இஸ்திரி அக்கா மூச்சிரைப்போடுதான் இருக்கிறார்கள். பத்தடி நடந்தால் ஒரு திண்டைத் தேடி உட்கார்ந்துவிடுகிறார்கள். "எனக்காகவே எல்லா வாசல்லயும் ஒரு படி கட்டி வெச்சிருக்காங்க பாரு, புண்ணியவானுங்க" என்று அதற்கும் ஒரு சிரிப்பு.

வரைபடத்தைப் பள்ளிச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். பிழை இருந்தால் யார் வேண்டுமானாலும் சிவப்புப் பேனாவால் திருத்தலாம். ஒரே கூட்டம். "எங்க குழாயை எதிர்ச் சாரிக்குத் தள்ளிட்டீங்களே, தண்ணி பிடிக்க நான் சந்தைத் தாண்டணுமா?" என்று ஒருவர். "என் வீட்டை அவ வீட்டைவிடச் சின்னதாப் போட்டிருக்கீங்க, அது எப்படி?" என்று ஒருத்தி. பெட்டிக்கடைக்காரர் தன் கடைக்குப் பக்கத்தில் 'தரமான சரக்கு' என்று எழுத முயற்சி செய்து பிடிபட்டார். நம் சந்தை மட்டும் யாருமே திருத்தவில்லை. அவ்வளவு துல்லியம்!

வரும் ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. நிஜ ஆம்புலன்ஸ் வருகிறது. எங்கள் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, யாரையும் வழி கேட்காமல், பெரிய தெருவிலிருந்து பம்பு அறை வரை போகணும். அம்மா புதுச் சேலை எடுத்து வைத்திருக்கிறாள். எல்லாவற்றையும் விலாவாரியாக எழுதுகிறேன்.

கோபம் பாதி தீர்ந்த,
வாலு


ஏப்ரல் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலம் அறிய விருப்பம். அம்மாவும் நலமாக இருக்கிறாள்.

ஒத்திகை நல்லபடியாக முடிந்தது. வண்டி வெள்ளை நிறமாக இருந்தது. நிறையப் பேர் வந்திருந்தார்கள். வெயில் அதிகம்.

அம்மா வேலைக்குப் போகிறாள். நானும் படிக்கிறேன். இங்கே வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கை


மே 5

அன்பு வாலு,

உன் கடிதம் வந்தது. நாலு தடவை படித்தேன். அதில் ஒரு சேட்டைகூட இல்லை. வார்டன் அம்மாவே, "உன் தங்கச்சிக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். கையெழுத்துகூட நேராக இருக்கிறது. நீ நேராக எழுதினால் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் அம்மா, "எல்லாம் நல்லாருக்கு" என்று மூன்று தடவை சொன்னாள். நான் ஒன்றும் கேட்பதற்கு முன்பே சொன்னாள்.

சுற்றி வளைக்காமல் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வண்டி எங்கே நின்றது?

அக்கா


மே 14

(உறையின் மேல்: வார்டன் அம்மா அவர்களுக்கு, இது ஒன்றை மட்டும் பிரிக்காமல் கொடுத்துவிடுங்கள். இதில் சிரிக்க எதுவும் இல்லை.)

அன்புள்ள அக்கா,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. இருவருக்கும் இல்லை. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துபோய்விட்டேன். நீ கேட்டுவிட்டதால் எழுதுகிறேன்.

வண்டி ஒழுங்காகத்தான் வந்தது. பெரிய தெருவிலிருந்து திரும்பி, பெட்டிக்கடையைத் தாண்டி, யாரையும் கேட்காமல். டிரைவர் அண்ணன் பக்கத்தில் மேடம் படத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். எனக்குத் தலைகால் புரியவில்லை. நம் சந்துக்குள் நுழைந்தது. நம் வீட்டுக்கு முன்னால் நின்றுவிட்டது.

முதலில் அம்மாவுக்கு மரியாதை செய்வதற்காக நிறுத்துகிறார்கள் என்று நினைத்தேன், அக்கா. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். அம்மாவும் சொம்பில் தண்ணீரோடு வாசலில் நின்றாள்.

டிரைவர் இறங்கி, அறையின் சுவரையும் எதிர்ச் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுக்கு மேல போகாது மேடம்."

"எட்டடி இருக்கே? போட்டிருக்கு பாருங்க."

"போட்டிருக்கு. ஆனா வண்டி தரையில இல்ல போகணும்? கண்ணாடியை மடக்கினாக்கூட இடிக்கும்." அப்புறம் சுவரைக் கையால் தட்டினார். "போன வருஷமும் இங்கதான் நின்னேன். உள்ளே ஒரு பம்பு ஆபரேட்டருக்கு நெஞ்சு வலின்னு கூப்பிட்டாங்க. நேரா வந்துட்டேன், வழியெல்லாம் சரியாத்தான் சொன்னாங்க. இதே சுவர். அப்போ பூச்சுகூட காயலை. பின்பக்கம் கால்வாய், சுத்தியும் போக முடியாது. உள்ளேயிருந்து கதவைக் கழட்டி அதுல வெச்சுத் தூக்கிட்டு வந்தாங்க. இந்த இடத்துக்கு வரும்போது முடிஞ்சு போச்சு."

அது நம் அப்பா என்று அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது, அக்கா. அன்று பள்ளியில் இருந்த எனக்கும் வேலைக்குப் போயிருந்த அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியாது.

அம்மா சொம்பை நீட்டி, "தண்ணி குடிங்க தம்பி" என்றாள். அவர் குடித்து முடிக்கும்வரை நின்றாள். சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அறையைப் பூட்டினாள். சாவி அவள் இடுப்பில் இருக்கிறது. அதற்கப்புறம் கூட்டுவதும் இல்லை, துடைப்பதும் இல்லை.

மறுநாள் நான் தையல்கார மாமாவிடம் போனேன். சண்டை போடத்தான் போனேன்.

"நீங்க அளந்தீங்களா இல்லையா மாமா?"

"அளந்தேன்."

"எவ்வளவு இருந்துச்சு?"

"ஆறு."

"எட்டுன்னு எழுதினீங்களே?"

அவர் மிஷினை மிதிக்கவில்லை, ஆனால் கால் அதன் மேலேயே இருந்தது. "உங்கம்மா படியில நின்னு சிரிச்சாங்கம்மா. அந்த மூஞ்சிக்கு எதிரே நான் எப்படி ஆறுன்னு எழுதுவேன்? வண்டிக்கு வழி தெரியலைன்னு அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டேன். பிறகு அதுக்கு ஏத்த மாதிரியே எல்லாத்தையும் வெட்ட வேண்டியதாப் போச்சு."

துணியில் நூலளவு விடமாட்டார், உனக்கே தெரியும்.

சுவரில் ஒட்டியபோது அத்தனை பேரும் சிவப்புப் பேனாவோடு நின்றார்களே, அவர்களும் இப்படித்தான். குழாயைத் திருத்தினார்கள், கம்பத்தைத் திருத்தினார்கள். இதைத் தொடவில்லை.

போன வாரம் இஸ்திரி அக்காவுக்கு இரைப்பு அதிகமாகிவிட்டது. நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். நம் வீட்டைத் தாண்டும்போது நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பினார்கள், மோதாமல் இருக்க. இஸ்திரி அக்காவின் உதடு நீலமாக இருந்தது. அந்த நிலைமையிலும் என்னைப் பார்த்ததும் சுவரிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்கள், குற்றம் சொல்வதாக நான் நினைத்துவிடக் கூடாது என்று. பிழைத்துவிட்டார்கள். இப்போது வீட்டில்தான் இருக்கிறார்கள்.

மேடம் உண்மை அளவைத்தான் போட முடியும் என்கிறார்கள். அப்படியானால் நம் வீட்டிலிருந்து உள்ளே இருக்கும் அத்தனை வீடும் சிவப்பு. ஜூன் கடைசிக்குள் படத்தைக் கொடுத்தாக வேண்டும். சுவரைப் பின்னால் இழுத்தால் பச்சை. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, மேடம்கூட. நான் ஒரு தடவை அம்மாவிடம் ஆரம்பித்தேன். "அது உங்கப்பா கையால வெச்ச கடைசிச் சுவர்" என்றாள். அவ்வளவுதான்.

நீ கட்டச் சொன்ன அறை என்பதால் உனக்கு எழுதக் கூடாது என்று நினைத்தேன். ஆனால் ஒன்று புரியவில்லை. ஒத்திகை நன்றாக முடிந்தது என்று எழுதியவளிடம், வண்டி எங்கே நின்றது என்று நீ ஏன் கேட்டாய்?

வாலு


ஜூன் 3

அன்பு வாலு,

உன் கடிதத்தை வார்டன் அம்மா பிரிக்காமல் கொடுத்தார். கொடுத்துவிட்டு, கூடத்து விளக்கைக் கொஞ்ச நேரம் கூடுதலாக எரியவிட்டார்.

காரியத்துக்கு வந்திருந்தேனே, அப்போதே தெரியும். குழாயடியில் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். நான் வருவதைப் பார்த்ததும் ஒருத்தி குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பாதிதான் நிரம்பியிருந்தது.

உனக்கும் அம்மாவுக்கும் தெரியாது என்பதை அன்று சாயங்காலமே புரிந்துகொண்டேன். சொல்லலாம் என்று இருந்தேன். நீ அப்போது, வண்டிக்காரனுக்கு வழி தெரியவில்லை என்று சொல்லிச் சொல்லி அழுதாய். அதை உன்னிடமிருந்து பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன். அந்தக் கட்டிலில் படுக்க முடியாது என்பதால்தான் லீவுக்கு வரவில்லை. கூடுதல் நேர வேலையும் இல்லை, ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். அப்பா முதலில் சுவரை உள்ளேதான் வைப்பதாக இருந்தார். "பாய் போட்டுக்கிட்டா போதாதா கண்ணு?" என்று ஃபோனில் கேட்டார். "எட்டுப் பேரோட நெருக்கிக்கிட்டுக் கிடக்கிறேன்ப்பா. வீட்டுக்கு வந்தா கட்டில்ல கால் நீட்டிப் படுக்கணும்" என்றேன். "சரி, சுவரைக் கொஞ்சம் தள்ளிக்கிறேன். சந்துல என்ன தேரா ஓடுது" என்றார். இருவரும் சிரித்தோம்.

தையல்கார மாமாவைக் கோபிக்காதே. அவர் சொன்ன பொய்யைத்தான் நானும் இத்தனை நாள் உடுத்திக்கொண்டிருந்தேன்.

நீ அளக்கிறேன் என்று எழுதியதும் எனக்குப் பயமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. எப்படியும் தெரிந்துவிடும், நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன். எட்டடி என்று எழுதினாய். அப்போதாவது நான் எழுதியிருக்க வேண்டும். இஸ்திரி அக்காவை நாற்காலியில் தூக்கிப் போனதாக நீ எழுதியதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

சுவரை இடித்துவிடுங்கள். அப்பா வைத்த சுவர்தான். ஆனால் எனக்காக வைத்தது, அதனால் வேண்டாம் என்று சொல்லும் உரிமை எனக்கு உண்டு. இந்தக் கடிதம் முழுவதையும் அம்மாவிடம் படித்துக் காட்டு. நடுவில் உன் சரக்கு எதையும் சேர்க்காமல் படி.

இஸ்திரி அக்காவைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கும், விளக்கை எரியவிட்ட வார்டன் அம்மாவுக்கும்,

அம்மாவும் நானும் நலம். இந்தத் தடவை நிஜமாகவே.

ஒரு வார்த்தைகூடச் சேர்க்காமல் படித்தேன். அம்மா காய் நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டாள். 'கால் நீட்டிப் படுக்கணும்' என்ற இடத்தில் கத்தி நின்றது. முடித்ததும், "இதை வெச்சுக்கிட்டா அவ அங்க தனியாத் தூங்கினா இத்தனை நாளும்?" என்றாள். எழுந்து போய்ப் பூட்டைத் திறந்தாள். கட்டிலை இழுக்க ஆரம்பித்தாள். முழங்காலையும் மறந்து தனியாகவே இழுத்தாள், நான் ஓடிப்போய் மறுபக்கம் பிடித்தேன்.

கட்டில் இப்போது இஸ்திரி அக்கா வீட்டில் இருக்கிறது. தலையைத் தூக்கி வைத்துப் படுத்தால் இரைப்பு குறைகிறதாம். உன்னைக் கேட்காமல் கொடுத்துவிட்டோம். கேட்டாலும் கொடுத்திருப்பாய்.

கட்டில் வெளியே வந்ததைப் பார்த்ததும் இஸ்திரி அக்காவின் வீட்டுக்காரர் கடப்பாரையோடு வந்தார். பெட்டிக்கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்தார், வாழ்க்கையில் முதல் தடவை. நாங்கள் யாரையும் கூப்பிடவில்லை. முதல் செங்கல்லை மட்டும் அம்மா எடுத்தாள். அடிக்கவில்லை. உச்சி வரிசையில் கை எட்டிய இடத்தில் மாமா பூச்சைச் சுரண்டிக் கொடுத்தார். ஆட்டி ஆட்டி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மற்றதை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். ஒரு செங்கல்லும் உடையாமல்தான் எடுத்தார்கள். அதையே வைத்து உள்ளே தள்ளிப் புதுச் சுவர் எழுப்பினோம். அறை இப்போது ஒடுக்கமாகிவிட்டது. நான் குறுக்கே படுத்துப் பார்த்தேன், கால் ஒரு சுவரிலும் தலை ஒரு சுவரிலும் முட்டுகிறது. நீ என்னைவிடக் குள்ளம், பிழைத்துக்கொள்வாய்.

பூச்சு காய்ந்ததும் மேடம் மறுபடி அளக்க வந்தார்கள். மாமா டேப்பின் ஒரு முனையை அம்மாவிடம் நீட்டினார். "நீங்களே பிடிங்க. நான் படிக்கிறேன், நீங்களும் பாருங்க" என்றார். மேடம் விதியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அம்மா சுவரோடு சுவராக வைத்துப் பிடித்தாள். எட்டடி, அதற்கு மேல் ஒரு சாண். மாமா இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் எழுதினார்.

நேற்று வண்டி மறுபடி வந்தது. அதே டிரைவர் அண்ணன். அதற்குள் யாரோ அவரிடம் சொல்லிவிட்டிருக்கிறார்கள் போல, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நம் வாசலுக்கு வந்ததும், வழி இருந்தும் நிறுத்திவிட்டார். இறங்கி அம்மாவிடம் ஏதோ சொல்லவந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

அம்மா வாசற்படியிலிருந்து இறங்கி, சேலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக ஒட்டி நின்றாள்.

"இங்க நிக்காதீங்க தம்பி. போங்க. வழி இருக்கு."

வண்டி பம்பு அறை வரை போயிற்று.

நீ எந்தத் தேதி வருகிறாய் என்று மட்டும் எழுது.

வாலு